பிடரியில் பிறக்கும் தலைவலி

மாலைப் பொழுதில் தறிக்குழியை விட்டு எழுந்திருக்கும் நெசவாளரைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். அவருடைய கை முதலில் பிடரிக்குத்தான் போகும். அங்கே இரண்டு விரல்களால் அழுத்திக்கொண்டு, கழுத்தை இடமும் வலமும் ஒருமுறை திருப்பிவிட்டு, அதன் பின்னரே கால்களை நீட்டுவார். "தலை கனக்கிறது" என்று வீட்டாரிடம் சொல்வார். வீட்டார் தைலக் குப்பியை எடுத்துக் கொடுப்பார்கள். அவர் அதைத் தடவிக்கொள்வது நெற்றியிலே! கை தானாகத் தேடிப் போன இடம் ஒன்று. மருந்து போய்ச் சேர்ந்த இடம் வேறொன்று. அந்தக் கைக்குத் தெரிந்த உண்மையை மருத்துவ அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்து கூறியிருக்கிறார்கள். அதனை நம் சங்க அங்கத்தினர்களுக்குப் பயன்படும் அளவில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைவலி என்பது ஒரே நோய் அன்று. காய்ச்சலால் வருவது உண்டு; பார்வைக் குறையால் வருவது உண்டு; ஒற்றைத் தலைவலி என வழங்கும் தனிநோயும் உண்டு. மாதத்தில் 15 நாட்களுக்குக் குறையாமல், மூன்று மாதங்களுக்கு மேலாகத் தொடர்ந்து வருவதை நாட்பட்ட தலைவலி என்று வகுத்திருக்கிறார்கள். இதற்குரிய காரணங்கள் பலவற்றுள் கழுத்தும் ஒன்று. மற்றவற்றைக் காட்டிலும் இதனை நாம் முக்கியமாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. தறியில் கூலி நெய்த துணிக்குத்தான். தலைவலிக்கு விடுப்பு இல்லை. வலியோடு நெய்கிற நாளில் இழை அறுவது கண்ணுக்குத் தப்பும், அளவு குறையும். அந்த நஷ்டம் முழுவதும் நெசவாளர் தலையிலேயே விழுகிறது. ஆனால் கழுத்தினால் வரும் தலைவலிக்கு நிவாரணத்தின் பெரும்பகுதி தறியடியிலேயே கிடைக்கக்கூடியது.

கழுத்தின் அமைப்பு

நம் கழுத்தில் ஏழு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. (ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் ஏழே எலும்புகள்தாம் என்பது ஒரு வேடிக்கை.) எல்லாவற்றிற்கும் மேலே இருப்பது வளையம் போன்ற முதல் எலும்பு. அதன்மேல் மண்டையோடு அமர்ந்திருக்கிறது. நாம் தலையை இருபுறமும் திருப்பும் அசைவில் ஏறக்குறையப் பாதி, முதல் எலும்புக்கும் இரண்டாம் எலும்புக்கும் இடையிலேயே நிகழ்கிறது. இவ்விடத்தைப் பற்றிக்கொண்டு, மண்டையோட்டின் அடிவிளிம்பில் சிறு தசைகள் சில இருக்கின்றன. நெசவாளரின் விரல்கள் தேடிப் போவது இத்தசைகளைத்தான்.

மனிதனுடைய தலை ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ளது. நிமிர்ந்திருக்கும்போது இப்பாரம் எலும்புகளின்மேல் நேராக இறங்குவதால் தசைகளுக்கு வேலை குறைவு. தலை முன்னே சாய்ந்துவிட்டாலோ, அது கீழே விழாமல் பின்னாலிருந்து தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு குடம் தண்ணீரை இடுப்போடு அணைத்துக்கொண்டு நிற்பதையும், அதே குடத்தைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். தண்ணீரின் எடை கூடவில்லை, தூரந்தான் கூடியது.

நியூயார்க்கைச் சேர்ந்த கென்னத் ஹன்ஸ்ராஜ் என்னும் முதுகெலும்பு அறுவை மருத்துவர் 2014ஆம் ஆண்டில் இதற்கு ஒரு கணக்கு வெளியிட்டார். தலை 15 பாகை சாயும்போது கழுத்தின்மேல் விழும் பளு ஏறக்குறைய 12 கிலோ. 30 பாகையில் 18 கிலோ. 45 பாகையில் 22 கிலோ. 60 பாகையில் 27 கிலோ என்பது அவர் கண்ட முடிவு. இவை மனிதர்களின் கழுத்தில் அளந்து பெற்ற எண்கள் அல்ல. ஒரு மாதிரியை வைத்துக் கணக்கிட்டவை. ஆகவே இவற்றைக் கல்லில் வெட்டிய எழுத்தாகக் கொள்ள வேண்டியதில்லை. சாயச் சாயப் பளு ஏறுகிறது என்ற போக்கில் ஐயமில்லை. ஹன்ஸ்ராஜ் கைபேசியைக் குனிந்து பார்ப்போரை மனத்திற்கொண்டு இக்கணக்கைச் செய்தார். அந்தப் பழக்கம் உலகிற்குப் புதியது. நம் குழித்தறிக்கோ அது பரம்பரைச் சொத்து. இப்பொழுது தறியை விட்டு எழுந்தவர் திண்ணையில் உட்கார்ந்து கைபேசியையும் குனிந்தே பார்ப்பதால், கழுத்துக்கு மாலை ஓய்வும் இல்லாமற் போயிற்று.

வலி முன்பக்கம் தெரிவது ஏன்?

நோய் பிடரியில் இருக்க, வலி நெற்றியிலும் கண்ணுக்குப் பின்னாலும் தெரிவானேன் என்ற கேள்வி எழும். இரண்டு ஏரிகளிலிருந்து வரும் வாய்க்கால்கள் ஓரிடத்தில் கலந்து ஒரே கால்வாயாகப் பாய்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கடைமடையில் நிற்கும் குடியானவர் தம் வயலுக்கு வரும் நீரைப் பார்த்து, இது எந்த ஏரித் தண்ணீர் என்று சொல்ல முடியுமா? நரம்புகளிலும் இப்படி ஒரு கூடல் இருக்கிறது. கழுத்தின் மேற்பகுதியிலுள்ள முதல் மூன்று நரம்புகள் கொண்டுவரும் வலிச் செய்தியும், நெற்றி, கண், கன்னம் ஆகியவற்றிலிருந்து முப்பெருநரம்பு கொண்டுவரும் வலிச் செய்தியும், தண்டுவடத்தின் மேல்முனையில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அங்கிருந்து மூளைக்குச் செல்லும் வழியோ பொதுவானது. ஆகவே கழுத்து மூட்டில் எழுந்த நோவை மூளை நெற்றி நோவாக எண்ணிக்கொள்கிறது.

இவ்வாறு கழுத்திலிருந்து பிறக்கும் தலைவலியைத் தனி வகையாக வரையறுத்துப் பெயரிட்டவர் நார்வே நாட்டு மருத்துவர் ஓட்டார் ஷோஸ்டாட். 1983ஆம் ஆண்டில் அவரும் அவருடைய தோழர்களும் இதனை வெளியிட்டார்கள். இத்தகைய தலைவலி பெரும்பாலும் ஒரே பக்கத்தில் வரும். பிடரியில் தொடங்கி முன்னோக்கிப் பரவும். கழுத்தை ஒரு குறிப்பிட்ட வகையில் அசைத்தாலும், ஒரே நிலையில் நெடுநேரம் வைத்திருந்தாலும் கிளம்பும். கழுத்து ஒரு பக்கம் முழுதாகத் திரும்பாது. பிடரியின் மேற்பகுதியை விரலால் அழுத்தினால் பழகிய அதே வலி நெற்றியில் தெரிவதும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். கழுத்து வலிக்கிறது என்ற ஒரே காரணத்தால் தலைவலியின் பழியைக் கழுத்தின்மேல் போட்டுவிடலாகாது. ஒற்றைத் தலைவலி வரும்போது கழுத்தும் சேர்ந்து நோவது மிகச் சாதாரணம். துடித்துத் துடித்து வலித்து, குமட்டலோடு, வெளிச்சமும் சத்தமும் பொறுக்கமுடியாமல் இருண்ட அறையைத் தேடச் செய்யும் வலியாயின், அது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலியே. அதற்கு வேறு மருந்து இருக்கிறது. கயிறு கட்டி இறுக்கியதுபோல் தலை முழுவதும் சுற்றி வரும் இறுக்க வலி இன்னொன்று. இதிலும் கழுத்துத் தசைகள் விறைத்திருக்கும். இன்னதென்று பிரித்தறிவது வைத்தியரின் வேலை. அவருக்கு உதவியாக நாம் செய்யக்கூடியது, நாட்காட்டியில் வலி வந்த நாட்களைக் குறித்துக்கொண்டு போவதுதான்.

எங்கள் சங்கத்து மூத்த அங்கத்தினர் ஒருவர் சேலை நெய்பவர். பல ஆண்டுகளாகப் பிற்பகலில் வலது கண்ணுக்கு மேல் வலி. ஐப்பசி, கார்த்திகையில் தறிக்குழியில் நீர் ஊறிப் பாவு நனைந்து தொழில் நின்றுபோகும் வாரங்களில் மட்டும் வலி வராது. குளிர்ந்த காற்று தமக்கு ஒத்துக்கொள்கிறது என்றே அவர் எண்ணியிருந்தார். வெயில்தான் காரணம் என்று கோடையில் தலையில் ஈரத்துண்டும் போட்டுக்கொள்வார். உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் ஒருவர், "ஐயா என்ன தொழில் செய்கிறீர்கள்? உட்கார்ந்து காட்டுங்கள்" என்று கேட்ட பிறகே விஷயம் விளங்கிற்று. மழை நாட்களில் ஓய்வு பெற்றது கழுத்து!

நோயாளியிடம் தொழில் என்னவென்று கேட்கவேண்டும் என்பது புதிய யோசனை அன்று. தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டிலேயே நூல் எழுதிய இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்தினோ ராமஸினி, இக்கேள்வியை மருத்துவர்கள் தவறாமல் கேட்கவேண்டும் என்று வற்புறுத்தினார். நெசவுத் தொழிலையும், உட்கார்ந்தபடியே குனிந்து வேலை செய்வோரின் கூனலையும் அவர் அந்நூலில் எடுத்துப் பேசியிருக்கிறார். இன்று கூட்டம் மிகுந்த மருத்துவமனையில் வைத்தியர் கேட்க மறந்தால், நாமே முந்திச் சொல்லிவிடுவது நல்லது: "நான் குழித்தறியில் நாள் முழுதும் குனிந்து நெய்பவன்."

தறியில் செய்யத்தக்கவை

தலை குனிந்து வேலை செய்யும் யாவருக்கும் தலைவலி வந்துவிடுவதில்லை. ஒரே கோணத்தில் குனிந்து நெய்யும் இரு சகோதரர்களில் ஒருவருக்கு வலி இருக்கும், மற்றவருக்கு ஒன்றுமிராது. குனிதல் ஒரு குற்றமன்று. அசையாமல் குனிந்தே இருத்தல்தான் தொல்லை தருவது. சுருங்கி விரியும் தசைக்கு இரத்தம் தாராளமாகப் பாயும். சுருங்கியபடியே நிற்கும் தசைக்கு இரத்த ஓட்டம் குறைகிறது, களைப்பு ஏறுகிறது, விறைப்பு பிறக்கிறது. குழித்தறியில் கைகளும் கால்களும் ஓயாது ஆடுகின்றன. கழுத்து மட்டும் ஊடை வந்து படியும் இடத்தைப் பார்த்தபடி கட்டுண்டு கிடக்கிறது. இதைவிடக் கடுமையானது, பழைய பாவின் முனையோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கும் வேலை. சில ஆயிரம் இழைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறுக்கு. கண்ணை எடுக்கவும் முடியாது. வீட்டுப் பெண்டிர் பலர் இவ்வேலையைச் செய்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போகிறார்கள். அவர்களுடைய தலைவலியை யாரும் தொழில்நோயாகக் கணக்கில் எடுப்பதில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லத்தான் வேண்டும்.

ஆதலின் முதல் மருந்து இடைவேளை. மணி பார்த்து எழுந்திருங்கள் என்றால் தறிக்காரருக்கு ஒத்துவராது. ஆனால் தறியிலேயே ஒரு மணி இருக்கிறது. நாடாவில் தார் தீரும்போது எப்படியும் கை நிற்கவேண்டும். அந்தச் சில விநாடிகளில் தார் மாற்றுவதற்கு முன்பு ஒருமுறை நிமிர்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்து, மோவாயை மெல்ல உள்ளுக்கு இழுத்து, தோள்களைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு மூச்சு விட்டால் போதும். கூலியில் குறைவு வராது. துணியைப் படமரத்தில் சுற்றும்போது குழியிலிருந்து முழுவதுமாக எழுந்து நின்றுவிடலாம். பிணைக்கும் வேலையில் இப்படி இயற்கையான நிறுத்தம் இல்லாததால், இத்தனை இழைக்கு ஒரு முறை என்று நாமே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உயரம். நெய்யும் இடம் தாழ்வாக இருந்தால் கழுத்து குனியும். அதை மிகவும் உயர்த்தினால் கைகளைத் தூக்கியே வைத்திருக்க நேர்ந்து தோள் நோகும். ஈரான் நாட்டில் கம்பளம் நெய்வோரிடம் ஆய்வு நடத்திய அறிஞர்கள், இருக்கையின் உயரத்தையும் நெய்யும் இடத்தின் உயரத்தையும் பலவாறாக மாற்றிப் பார்த்து, நெய்யும் இடம் முழங்கை மட்டத்திற்குச் சற்று மேலே இருப்பது நலம் என்று கண்டார்கள். அவர்களுடைய தறி நிமிர்ந்து நிற்பது, நம்முடையது படுத்திருப்பது. ஆகவே அவர்கள் அளவை நாம் அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை. எடுத்துக்கொள்ளத்தக்கது அவர்கள் செய்த முறை: ஆளுக்குத் தக்கபடி உயரத்தை மாற்றிப் பார்த்தல். நம் ஊரில் தகப்பனார் தமக்கு வெட்டிய குழியில் மகன் உட்காருகிறான். மகன் அரை அடி உயரமானவன். உட்காரும் பலகையின் கீழ் ஒரு கட்டை வைப்பதா, எடுப்பதா என்பதை ஒருவர் பக்கவாட்டில் நின்று பார்த்துச் சொல்லவேண்டும். முதுகு கூன்போட்டிருந்தால் கழுத்து தானே முன்னே நீளும். பலகையின் பின்புறத்தைச் சற்று உயர்த்தினால் இடுப்பு நிமிரும். இடுப்பு நிமிர்ந்தால் தலை பின்னுக்கு வந்துவிடும். கழுத்துக்கு வைத்தியம் இடுப்பிலிருந்து தொடங்குவதைக் கண்டு வியப்படைய வேண்டாம்.

வெளிச்சம் குறைந்தாலும் தலை தாழும். விளக்கு நெசவாளரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவருடைய நிழலே பாவின்மேல் விழும். பக்கவாட்டில், தலைக்கு மேலாக, கண்ணில் நேரே படாதவாறு விளக்கைத் தொங்கவிடுவது சிறந்தது.

வயற்காட்டுத் தலைவலி

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்களின் கழுத்துக்கு வேறு வகைத் துன்பம். நடவிலும் களையெடுப்பிலும் உடல் இடுப்பில் மடிந்திருக்க, முகத்தை உயர்த்தி முன்னே பார்க்க வேண்டியிருக்கிறது. இதனால் கழுத்து பின்னோக்கி மடிகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலின் கீழ் நின்று கவாத்து செய்வோர் நாளெல்லாம் அண்ணாந்தபடியே கத்தரிக்கிறார்கள். குனிந்த கழுத்தில் தசை களைத்துப்போகிறது. அண்ணாந்த கழுத்தில் பின்புறமுள்ள சிறு மூட்டுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. வலி வந்து சேரும் இடம் இரண்டுக்கும் ஒன்றே. பந்தல் வேலையில் சிறு மேடை போட்டு ஏறிக்கொண்டால் அண்ணாத்தல் குறையும். தலைச்சுமையைப் பொறுத்தவரை, கட்டைச் சிறிதாக்கி இரண்டு நடையாகச் சுமப்பதும், வண்டி போகும் இடத்தில் வண்டியைக் கூப்பிடுவதுமே வழி. சும்மாடு தலையின் தோலைக் காக்குமே தவிர எலும்பைக் காக்காது.

பூச்சிமருந்து தெளித்த அன்று வரும் தலைவலியை மட்டும் கழுத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். தலைவலியுடன் குமட்டல், மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் ஊறல், பார்வை மங்கல் ஆகியவை சேர்ந்தால், அது மருந்து உடலில் ஏறியதன் அடையாளம். உடனே உடையைக் களைந்து, சோப்பிட்டு உடம்பைக் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

மாத்திரையும் சொடக்கும்

கடையில் வாங்கி விழுங்கும் வலிமாத்திரையைப் பற்றிச் சிறிது கண்டிப்பாகவே எழுத வேண்டியிருக்கிறது. எப்போதாவது ஒன்று விழுங்குவதில் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. ஆனால் மாதத்தில் 15 நாட்களுக்கு மேல் சாதாரண வலிமாத்திரையையோ, 10 நாட்களுக்கு மேல் காப்பிச் சத்து முதலியன கலந்த கூட்டு மாத்திரையையோ மூன்று மாதங்களுக்கு மேலாக உட்கொண்டு வந்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். காலையில் எழும்போதே வலி, மாத்திரை போட்டால் சற்றுத் தணிவு, மறுபடி வலி. கடனை அடைக்கக் கடன் வாங்கும் கதைதான். இப்படிப் பழகியவர்கள் நிறுத்தும்போது முதல் சில நாட்கள் வலி கூடும், பின்னர் தணியும். வைத்தியரின் மேற்பார்வையில் நிறுத்துவதே முறை. வலிமாத்திரைகளில் சில வயிற்றில் புண்ணையும் சிறுநீரகத்திற்குக் கெடுதலையும் விளைவிப்பவை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

முடிதிருத்தும் நிலையத்தில் தலையைப் பிடித்துச் சடக்கென்று திருப்பிச் சொடக்கெடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்தக் கணத்தில் சுகமாகத்தான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இரண்டு, கழுத்து எலும்புகளிலுள்ள துளைகளின் வழியாகவே மேலேறுகின்றன. சடக்கென்ற திருப்பத்தில் இக்குழாயின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, மூளைத்தாக்கு நேரிட்ட சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அரிதே எனினும், ஒரு சொடக்கின் சுகத்திற்கு அது மிக அதிக விலை. இதமாகத் தேய்த்துவிடச் சொல்லுங்கள்; திருப்பவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பயிற்சி

பலன் தருவதாகச் சோதித்து அறியப்பட்ட வழி பயிற்சியே. ஆஸ்திரேலியாவில் க்வென் ஜல் என்னும் அம்மையாரும் அவருடன் பணிபுரிந்தோரும் கழுத்துத் தலைவலி உள்ள 200 பேரை நான்கு பிரிவாக்கி ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்குத் தேர்ந்த சிகிச்சையாளர் கையால் மூட்டுகளைச் சீர்செய்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி. ஒரு பிரிவினருக்கு இரண்டும். எஞ்சியவர்களுக்கு இவை இல்லை. ஆறு வாரச் சிகிச்சை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும், பயிற்சி பெற்றவர்களுக்கும் கைச்சிகிச்சை பெற்றவர்களுக்கும் தலைவலி குறைந்தே இருந்தது. பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே தொடரலாம் என்பது நம்மைப் போன்றோருக்கு ஆறுதலான செய்தி.

அப்பயிற்சி தண்டால் எடுப்பது போன்றதன்று. பார்ப்பவருக்கு ஒன்றும் செய்யாதது போலவே தோன்றும். மல்லாந்து படுத்து, தலைக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல், மெல்ல 'ஆம்' என்று தலையசைப்பதுபோல மோவாயைத் தொண்டைப் பக்கம் சாய்க்க வேண்டும். பத்து எண்ணும்வரை அப்படியே வைத்திருந்து தளர்த்தவேண்டும். இவ்வாறு பத்து முறை, காலையும் மாலையும். கழுத்தின் முன்புறத்து மேல்தசைகள் கயிறுபோல் புடைத்தால் பலத்தைக் கூடுதலாகப் பிரயோகிக்கிறோம் என்று பொருள். வேலை செய்ய வேண்டியவை எலும்பை ஒட்டி உள்ளே இருக்கும் ஆழ்தசைகள். இதனுடன் உட்கார்ந்தபடி இரு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் நெருக்கிப் பிடித்துத் தளர்த்துவதும் சேரும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். இரண்டு நாள் செய்து பார்த்துக் கைவிடுவோரே அதிகம். முதல் முறையை ஒரு சிகிச்சையாளரிடம் நேரில் கற்றுக்கொள்வது உத்தமம்.

சில தலைவலிகளுக்கு இந்தப் பயிற்சியும் கூடாது, பொறுமையும் கூடாது. இடி விழுந்தாற்போல் ஒரு கணத்தில் உச்சத்தை எட்டும் வலி; காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி; தலையில் அடிபட்ட பின் வரும் வலி; கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், பார்வை மறைதல் ஆகியவற்றோடு வரும் வலி; 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி; நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் வலி. இவற்றில் எதுவாயினும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். கைவிரல்கள் மரத்துப்போய் இழையைப் பற்றமுடியாமையும் நடையில் தள்ளாட்டமும் தோன்றினால், தண்டுவடம் நெருக்கப்படுகிறதோ என்று பரிசோதிப்பது அவசியம்.

கண்ணாடியின் தூரம்

நாற்பது வயதைக் கடந்த அங்கத்தினர்களுக்கு ஒரு விஷயம் பாக்கியிருக்கிறது. அந்த வயதில் கிட்டப்பார்வை தளர்ந்து பெரும்பாலோருக்குக் கண்ணாடி தேவைப்படுகிறது. சாதாரணமாக விற்கும் வாசிப்புக் கண்ணாடி, புத்தகத்தைக் கையில் பிடிக்கும் தூரத்திற்கு, அதாவது ஏறக்குறைய 40 சென்டிமீட்டருக்கு அமைக்கப்பட்டது. தறியில் உட்கார்ந்தவரின் கண்ணுக்கும் ஊடை படியும் இடத்திற்கும் உள்ள தூரம் பெரும்பாலும் அதைவிட அதிகம். இழை தெளிவாகத் தெரியவேண்டுமென்று அவர் என்ன செய்வார்? தலையை அந்த 40 சென்டிமீட்டருக்குக் கொண்டுபோவார். கண்ணாடி போட்ட நாளிலிருந்து கழுத்துவலி தொடங்கிற்று என்று சிலர் சொல்வதன் இரகசியம் இதுவே. இரட்டைக் கண்ணாடி அணிந்தவர்களோ கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்குகிறார்கள்; அவர்களுக்குக் கழுத்து பின்னே மடிகிறது. மேலே சொன்ன மூத்த அங்கத்தினர் அணிந்திருந்ததும் பத்திரிகை படிக்க வாங்கிய கண்ணாடிதான்.

சங்கத்தில் கண் பரிசோதனை முகாம் நடத்தும் பஞ்சாயத்தார் இதை முன்கூட்டியே அறிவிக்கலாம். முகாமுக்கு வருமுன் ஒவ்வொருவரும் தம் தறியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணின் ஓரத்திலிருந்து ஊடை படியும் இடம்வரை ஒரு நூலை வீட்டாரைக் கொண்டு பிடித்து அளந்து, அறுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பரிசோதிப்பவரிடம் அந்த நூலை நீட்டி, "எனக்கு இவ்வளவு தூரத்தில் இழை தெரியவேண்டும்" என்று சொன்னால், அதற்குரிய கண்ணாடியை அவர் எழுதிக் கொடுப்பார்.